மாத்திரை வரிசைக்குப் பக்கத்தில் ஒரு அறை

ஆசிரியருக்கு,

ஒன்பது வருடமாக மாதம் தவறாமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரை வாங்குகிறவள் நான். பைப்போலார், அதாவது மனசு ஒரு சமயம் எகிறும், ஒரு சமயம் அப்படியே படுத்துவிடும். அதற்கு லித்தியம் மாத்திரை, அதில் கை நடுங்கும். டாக்டர் நல்லவர்தான், ஆனால் வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது அவரும் எவ்வளவுதான் பேசுவார்? தூக்கம் வருதா, மாத்திரையை விடாம போடறியா, சரி, அடுத்த மாசம் வா.

எனக்கு உருப்படியான பேச்சு கிடைத்தது அந்த அறைக்கு வெளியேதான். டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது என் கையில் டீ தளும்புவதைப் பார்த்துவிட்டு பக்கத்திலிருந்த அக்கா, "லித்தியமா?" என்றார். முக்கால் கிளாஸ் ஊற்றச் சொல்லு, ரெண்டு கையாலயும் பிடி, யாரும் கவனிக்க மாட்டாங்க என்றார். வெயில் காலத்தில் தண்ணீரைக் குறைக்காதே, பிரஷர் என்று எவராவது சொன்னால் டாக்டரைக் கேட்காமல் உப்பை நிறுத்தாதே, லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும் என்றும் சொன்னார். டாக்டரும் இதைச் சொல்லியிருப்பார், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. மாமியார் கண்ணில் படக்கூடாதென்று அந்த அக்கா தன் மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறாராம். நானும் அதையேதான் செய்கிறேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம் (மனநலப் பிரிவு வாசலில் இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை). மருந்து வாங்கியாச்சுன்னா கிளம்புங்கம்மா என்று காவலாளி விரட்டினார்.

அந்தப் பேச்சுக்கு ஓர் அறை வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. மாதம் ஒருநாள், ஓ.பி. முடிந்ததும் இரண்டு மணி நேரம், ஒரு மின்விசிறி, பத்து நாற்காலி. குடியை விட நினைப்பவர்கள் 1935-ல் அமெரிக்காவில் இப்படித்தான் ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்தார்கள், இன்று தமிழிலேயே அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. சென்னையில் 1989-லேயே நோயாளிகளின் குடும்பத்தினர் சேர்ந்து ஆஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் ஆலோசகர் பேசுகிறார், நல்ல விஷயம், ஆனால் அவர் கை நடுங்கி டீ சிந்தியவர் இல்லையே.

இப்படிக் கூடினால் நோயாளிகள் ஒருவரையொருவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கெடுத்துவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்து ஊழியர் ஒருவர் ஓரமாக உட்காரட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

அந்த அக்காவை நாலு மாதமாகக் காணோம். இரண்டு பேரிடமும் போன் இருந்தது. நம்பர் வாங்கத்தான் பயம், அவர் வீட்டில் யார் எடுப்பார்களோ, என் வீட்டில் யார் எடுப்பார்களோ.

ஒரு வாசகி
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)