சத்தம் போடாமல் இருந்த எல்லாருக்கும்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் வருடம் படிக்கிறேன். செமஸ்டர் புராஜெக்டுக்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த 9 நிமிடக் குறும்படத்துக்குப் போன வாரம்தான் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. படத்தின் கடைசியில் ‘நன்றி’ என்று போட்டு 23 பெயர்களை ஓட விட்டிருந்தோம். அது ஓடி முடிவதற்குள் வகுப்பில் லைட்டைப் போட்டுவிட்டார்கள், பாதிப் பேர் எழுந்து பையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள், ஒருத்தரும் படித்திருக்க வாய்ப்பே இல்லை. அதனால்தான் இந்த மடல். இதிலும் பெயர் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு யார் யார் என்று நான் சொல்லாமலே தெரியும்.

கதை ரொம்பச் சின்னது. தனியாக இருக்கிற ஒரு ஆச்சி. அவர் வீட்டில் தாத்தா காலத்துப் பெண்டுலம் கடிகாரம். ஒருநாள் அது நின்றுபோகிறது, அந்த டிக் டிக் இல்லாமல் ஆச்சிக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான். சத்தம்தான் கதையே என்று எழுதும்போது பெருமையாக இருந்தது. எழுதின நானே ஷூட்டிங்கில் சத்தத்தை மறந்துவிட்டேன் என்பதுதான் வேடிக்கை. எந்த லென்ஸ், எந்த ஆங்கிள், ஜன்னல் வெளிச்சம் ஆச்சி கன்னத்தில் எப்படி விழ வேண்டும் என்றெல்லாம் நோட்டில் படம் போட்டு வைத்திருந்தேன். மைக் பற்றி அந்த நோட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘மைக் – யாரிடமாவது கேட்க வேண்டும்.’

முதலில் எங்கள் சாருக்கு நன்றி. முதல் தடவை எடிட் செய்த படத்தை, அதாவது முதல் ‘கட்’டை, எடுத்துக்கொண்டு போனபோது அவர் மானிட்டரைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இப்போது போடுங்கள் என்றார். படத்தைப் பார்க்காமல் முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “வீட்டில் ஆச்சி தனியாகத்தானே இருக்கிறார்? எனக்கு ஏழெட்டுப் பேர் கேட்கிறார்களே” என்றார். பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர் வீட்டு குக்கர் விசில், யாரோ பார்க்கிற சீரியலின் பின்னணி இசை, ஃபிரிட்ஜ், ஃபேன், பழைய இரும்புக்காரரின் ரெக்கார்டு போட்ட குரல், எல்லாவற்றுக்கும் மேலே காக்கா. அப்போதுதான் அவர் அந்தக் காக்கா கதையைச் சொன்னார். 1931-ல் தமிழ்ப் படம் பேச ஆரம்பித்த பிறகு, சென்னை ஸ்டூடியோக்களில் வெயில் வெளிச்சத்தை நம்பித் திறந்த வெளியில் படம் எடுத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. குரலும் அங்கேயே அப்போதே பதிவாகும். அதனால் காக்கா விரட்டவே சம்பளத்துக்குத் துப்பாக்கியோடு ஆள் வைத்திருந்தார்களாம். “அவர்களுக்கு ஆள் இருந்தது, உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டு மறுபடி எடுத்து வரச் சொன்னார். அன்றைக்கு அவரைத் திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறினோம்.

அந்த முதல் ‘கட்’டில் இன்னொரு கூத்தும் இருந்தது. கடிகாரத்தை ஓட விட்டே எல்லா ஷாட்டும் எடுத்திருந்தோம். எடிட்டில் ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததை ஒட்டினால் டிக் டிக் டிடிக் என்று ஒவ்வொரு வெட்டிலும் திக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத வெட்டெல்லாம் காதுக்குத் தெரிந்தது. கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் படத்தை எடுத்து, டிக் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து கடைசியில் மேலே போட வேண்டும். இது தெரிந்தவர்களுக்கு அரிச்சுவடி, எங்களுக்கு இரண்டு நாள் ஷூட்டிங் காலி.

சரி, காக்காவை விடுங்கள். மனிதர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று வீடு வீடாகப் போனோம். என்னவென்று கேட்பது? காசு கேட்டால்கூட ஒரு மாதிரி சொல்லிவிடலாம், “மத்தியானம் 2-லிருந்து 4 வரை மிக்ஸி போடாதீர்கள்” என்று ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எங்களில் ஒருத்திதான் பேசினாள், மற்ற மூன்று பேரும் அவள் பின்னால் நின்று தலையாட்டினோம். எதிர் வீட்டு அக்கா ஒன்றுமே பேசாமல் உள்ளே போய் மறுநாள் குழம்புக்கான தேங்காயை அப்போதே அரைத்து வைத்துவிட்டார். சீரியல் பார்க்கிற பாட்டி, “சத்தமில்லாமப் பாத்தா என்ன, எல்லாரும் அழத்தான போறாங்க” என்று ரிமோட்டை எங்கள் கையிலேயே கொடுத்தார். அக்கா, பாட்டி, உங்களுக்கு நன்றி.

மாவு மில் அண்ணாச்சிக்கு நன்றி சொல்வதென்றால் அது இரண்டு வரியில் முடியாது. பங்குனி மாதம். ஊரே மொட்டை மாடியில் வத்தலும் மல்லியும் காயப்போட்டு வருஷத்துக்கான பொடி திரிக்கிற நேரம், மில் வாசலில் டப்பாக்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த நேரத்தில் போய் இரண்டு நாள், தினம் இரண்டு மணி நேரம் மில்லை நிறுத்த முடியுமா என்று கேட்கிறோம். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவர் கையில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிக்கொண்டே, “படத்துல மில்லு வருதா?” என்று கேட்டார். வரவில்லை அண்ணாச்சி என்றோம். “வராத படத்துக்கு மில்ல நிறுத்தணும்” என்று சொல்லிச் சிரித்தார். பெல்ட்டைக் கழற்றிவிட்டார். வரிசையில் நின்றவர்களிடம் அவரே, “பிள்ளைகளுக்குப் பரீட்சை” என்று சொல்லியிருக்கிறார். பொய்யும் இல்லை.

கேமரா கொடுத்த கல்யாண போட்டோகிராபர் அண்ணனுக்கு. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுத்தீர்கள். வாடகை வாங்கவில்லை. முதல் நாள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்ததெல்லாம் பட்டை பட்டையாக ஓடுகிறது என்று ராத்திரி போன் பண்ணியபோது, தூக்கக் கலக்கத்திலும், “நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை வினாடியில் ஐம்பதில் ஒன்றில் வை, மாற்றாதே” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது, அதோடு ஷட்டர் ஒத்துப்போக வேண்டும் என்பதை ஒரு வருடம் முன்பே பாடத்தில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பட்டையைப் பார்த்தபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

இரண்டாம் தடவை எடுக்கப் போனபோது தெரு அமைதியாக இருந்தது. ஆனால் பக்கத்துத் தெருவில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கால் நாட்டி, பந்தல் போட்டு, வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அதில் ஒன்று நேராக ஆச்சி வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் கொடை நாளில் அம்மனிடம் போய் விதி பேச யாரால் முடியும்? மைக் செட்காரரிடம் போனோம். எங்கள் அப்பா வயசு இருக்கும். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டவர், ஸ்பீக்கரைத் திருப்ப ஆள் அனுப்பிவிட்டு, “நீங்க எதுல பிடிக்கியோ, கொண்டாங்க பாப்போம்” என்றார். எங்கள் ரெக்கார்டிங்கைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு வேலையை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

உள்ளே வந்து நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினார். “கேட்டியா? செவுரெல்லாம் மொட்டையாக் கெடக்கு, சத்தம் போய் முட்டிட்டுத் திரும்பி வருது. மெத்தை கெடக்கா?” ஆச்சி வீட்டில் இருந்தது பத்தமடைப் பாய்தான், அதை மாட்டலாமா என்று கேட்டோம். பாய் மெலிசு, அது தாங்காது என்றார். அப்புறம் தெருவில் நாலு வீட்டிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை வந்தது. கேமராவுக்குத் தெரியாத மூன்று பக்கமும் நிறுத்தி வைத்தோம். மறுபடி கை தட்டினார். சத்தம் அங்கேயே விழுந்து செத்தது. அதே வீடு, சத்தம் பதிவு செய்த அதே போன், காலர் மைக்கும் அதேதான். மைக்கை மட்டும் ஒட்டடைக் கம்பு நுனியில் கட்டி ஆச்சி தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தவனுக்கு ஒரு வாரம் தோள்வலி, அவனுக்கும் நன்றி. போகும்போது, ஆள் யாரும் பேசாமல், மூச்சுச் சத்தம்கூடக் காட்டாமல், வெறும் வீட்டை ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள், எங்கேயாவது ஒட்டுப் போட உதவும் என்று சொன்னார். எங்கள் புத்தகத்தில் அதற்கு ரூம் டோன் என்று பெயர். அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை, உதவும் என்றுதான் சொன்னார். அந்த ஒரு நிமிடம் எங்கள் படத்தில் ஏழு இடத்தில் இருக்கிறது.

கடிகாரம் ரிப்பேர் செய்கிற பெரியவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடலுக்கு அர்த்தமே இல்லை. டிக் சத்தம் பதிவு செய்யக் கடிகாரத்தை அவர் கடைக்கே கொண்டு போனோம். ஆணியில் மாட்டினார். ஆட்டிவிட்டார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கழுத்தைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “நொண்டுது” என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். டிக்... டக்-டிக்... டக்-டிக். ஒரு கால் நீளமாக, ஒரு கால் குட்டையாக. பெட்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் இப்படித்தான் நடக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும் என்றார். பெட்டியின் அடிப்பக்கத்தை விரல் நுனியால் தள்ளினார், ஒரு நூல் அளவு இருக்கும். டிக், டக், டிக், டக். சீராகிவிட்டது. எங்களுக்கு என்ன தோன்றியதோ, நாலு பேரும் ஒரே நேரத்தில், “ஐயா, திரும்ப நொண்ட வையுங்கள்” என்றோம். வாழ்நாள் முழுக்கக் கடிகாரத்தைச் சரி செய்தவரிடம் கெடுக்கச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முறைத்தார். பிறகு கெடுத்தார். மைக்கைப் பெண்டுலத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தி, அது நொண்டி நொண்டி நிற்கும் வரை பிடித்தோம். படத்தில் ஆச்சி தூங்கிக்கொண்டிருக்கும்போது கடிகாரம் நிற்கிற இடம் அதுதான். திரைக்கதையில் ‘கடிகாரம் நிற்கிறது’ என்று இரண்டே வார்த்தைதான் எழுதியிருந்தேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். அந்தப் பாராட்டு எனக்கு வந்ததில்லை, ஐயா, உங்கள் விரலுக்கு வந்தது.

தெருவில் கிரிக்கெட் விளையாடுகிற பையன்களுக்கு. இரண்டு மத்தியானம் மேட்சை நிறுத்திவிட்டுத் திண்ணையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், அதற்குக் கூலியாகப் படத்தில் வர வேண்டும் என்று கேட்டீர்கள். முகம் வரவில்லை. ஆனால் கடைசிக் காட்சியில், எங்கோ தூரத்தில், “அவுட்டு... அவுட்டு இல்லல” என்று கேட்கிறதே, அது நீங்கள்தான். பழைய இரும்பு அண்ணனுக்கும். எங்களைப் பார்த்ததும் ரெக்கார்டை அணைத்துவிட்டு வண்டியை அந்தத் தெரு முழுக்க உருட்டிக்கொண்டே போனீர்கள். அன்றைக்கு எத்தனை வீட்டுப் பேப்பர் உங்கள் கையை விட்டுப் போனதோ.

ஆச்சிக்கு. நன்றியை விட மன்னிப்புத்தான் முதலில். ஃபேனை நிறுத்திவிட்டுப் பங்குனி வெயிலில் உங்களை உட்கார வைத்தோம். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் முந்தானையால் விசிறிக்கொண்டு, “ஏட்டி, இன்னும் எத்தன மட்டம் நான் ஒறங்கணும்?” என்று கேட்டீர்கள். பன்னிரண்டு மட்டம் உறங்கினீர்கள். ஃபிரிட்ஜ் இரைகிறது என்று அதையும் நிறுத்தினோம், நிறுத்தினவர்கள் போட மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் காலையில் வந்தால் பால் திரிந்து, தோசை மாவு பொங்கி, கீழ்த் தட்டு கத்தரிக்காய் மேலெல்லாம் வழிந்து கிடக்கிறது. நீங்கள் திட்டவில்லை, “புளிச்சதுதான் தோசைக்கு ருசி” என்று எங்களுக்கே அதைச் சுட்டுப் போட்டீர்கள். ருசியாக இல்லை ஆச்சி, ரொம்பப் புளிப்பு, அன்றைக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. இதைக் கேட்டுவிட்டுச் சீனியர் ஒருத்தர் சொன்னார், படக்காரர்கள் ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்களாம், சாவி இல்லாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது இல்லையா. அடுத்த நாளிலிருந்து எங்கள் ஸ்கூட்டி சாவி உங்கள் ஃபிரிட்ஜில், தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆச்சி வீட்டுச் சுவரில் வேட்டி கட்டிப் படத்தைப் போடுகிறோம். புரொஜெக்டர் காலேஜிலிருந்து ஒரு ராத்திரிக்குக் கிடைத்திருக்கிறது. எல்லாரும் வாருங்கள். மெத்தைகளை அன்றைக்கே திருப்பித் தருகிறோம், இரண்டு நாளாக மாடியில் வெயிலில்தான் கிடக்கின்றன. மைக் செட் அண்ணாச்சி, உங்கள் நீள வயர் ஒன்று எங்கள் பையோடு வந்துவிட்டது, பச்சை டேப் சுற்றினது. தேடாதீர்கள், பத்திரமாக இருக்கிறது.