அப்பாவின் பதிவுகளை மீட்டுத் தந்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் அப்பாவின் பதிவுப்பெட்டியோடு இணைந்திருந்த இரண்டு வன்தட்டுகளிலும் இருந்தவை நேற்றிரவு எங்கள் கைக்குத் திரும்பிவிட்டன. கடந்த சில வாரங்களாக எங்கள் வீடு இருந்த நிலையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள்; அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. முதலாண்டு நினைவு நாளுக்குள் அவருடைய குரலை ஒருமுறையாவது கேட்க முடியுமா என்று அம்மா கேட்டபோதெல்லாம் பேச்சற்று நின்ற எங்களுக்கு, இன்று காலை அதே அம்மா தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, சிங்கப்பூரின் தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் ஒளிவழியின் பழைய பேட்டி ஒன்றில் அப்பா தம் நாடக நண்பர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்குக் காரணமானவர்களுக்கு உடனே நன்றி சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியவர், எங்களை முன்பின் அறியாத ஒருவர். சிம் லிம் டவரில் மின்னணு உதிரிப்பாகங்கள் விற்கும் சிறிய கடை ஒன்றில் அமர்ந்திருக்கும் சீனப் பெரியவர் அவர். பெட்டி ஒவ்வொரு முறையும் “வட்டு அறியப்படவில்லை, ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தது, கணினியில் செருகினாலும் அதே கேள்விதான் வந்தது. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பவை அழிந்துவிடும். பெரிய வன்தட்டு செத்துவிட்டது, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பலரும் சொல்லிவிட்ட பிறகு, புதியதை வாங்கத்தான் நான் அங்கே போயிருந்தேன். பழைய வட்டு கைப்பையில் இருந்ததைக் கண்டு, அதையும் அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரையும் காட்டச் சொன்னார். எனக்குத் தெரிந்த மலாயிலும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்திலுமாகப் பேசிக்கொண்டோம்.

வட்டுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, அதைக் காதருகே வைத்து நெடுநேரம் கேட்டார். உள்ளே மோட்டார் சுழலத் தொடங்குவதும், வேகம் கூடுவதற்குள் ஓய்ந்துபோவதும், மறுபடி தொடங்குவதுமாக இருந்தது. வட்டின் ஊசிமுனை பழுதாகியிருந்தால் கேட்கும் ‘டிக், டிக்’ என்ற தட்டல் ஒலி இதில் இல்லை என்றும், ஆகவே வட்டைச் சந்தேகிப்பதற்கு முன் அதற்கு உணவிடுவதைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் சொன்னார். அடாப்டரின் முனையில் மின் அளவைக் காட்டும் மல்டிமீட்டரை வைத்தபோது 12 வோல்ட் சரியாகவே காட்டியது. நான் நம்பிக்கை இழந்தேன், அவர் இழக்கவில்லை. மேசையின் இழுப்பறையிலிருந்து காரின் பிரேக் விளக்குக்குரிய 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து அந்த முனையோடு இணைத்தார். பல்பு மங்கலாக எரிய, மீட்டரின் எண் 9க்கும் கீழே சரிந்தது.

3.5 அங்குல வன்தட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் வழியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும் என்பதையும், அடாப்டருக்குள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருந்து உலர்ந்துவிட்டால் சும்மா இருக்கும்போது சரியான அளவைக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் படுத்துவிடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். தொலைக்காட்சி அலமாரியின் மூடிய கதவுக்குப் பின்னால், நம் ஊர்ப் புழுக்கத்தில், அந்த அடாப்டர் இரவும் பகலும் செருகப்பட்டே இருந்தது.

அவர் எனக்குப் புதிய வன்தட்டை விற்றிருக்கலாம். நான் பணத்தோடுதான் நின்றேன். அவரோ தாம் கடையில் பயன்படுத்தும் அடாப்டரையே கழற்றி, முனையின் அளவும் துருவமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, என் கையில் வைத்தார். உள்ளே இருப்பதைப் படியெடுத்த பிறகு திருப்பித் தந்தால் போதும் என்றார். முன்பணம் வேண்டாம் என்றார். பெயரையோ தொலைபேசி எண்ணையோ கேட்கவும் இல்லை. கடையை விட்டு வெளியேறும்போது பின்னாலிருந்து அழைத்து, பெட்டி எத்தனை முறை கேட்டாலும் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்கக் கூடாது என்று மறுபடியும் எச்சரித்தார். உள்ளே இருப்பது என்னவென்று நான் சொல்லவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அங்கிள், உங்களுக்குத் தமிழ் தெரியாது; உங்கள் கடைக்கு வந்து நேரில் சொல்லப்போவதை இங்கே முதலில் எழுதுகிறேன். நீங்கள் கடனாகக் கொடுத்த அந்தச் சிறு கறுப்புப் பெட்டியால்தான் எங்கள் வீட்டில் இன்று அப்பாவின் குரல் கேட்கிறது.

அடுத்து, அண்ணன் மகனுக்கு. பலதுறைத் தொழிற்கல்லூரித் தேர்வுகளுக்கு நடுவில் அவன் பல இரவுகள் உறங்கவில்லை. 2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்படுவதற்கு முன் அப்பா வாங்கிய அந்தப் பெட்டி, லினக்ஸ் முறையில் வட்டை அமைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்பதையும், விண்டோஸ் கணினியால் அதைப் படிக்க முடியாததால்தான் வெற்று வட்டாகக் கருதி ஃபார்மேட் செய்யக் கேட்டது என்பதையும் அவன் கண்டறிந்தான். மூல வட்டில் எதையும் எழுதாமல், முதலில் டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளால் முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் படியெடுத்தான். அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சிரமம் தரும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வருகிறது. பழுது பார்க்கும் வேலை எல்லாம் அந்தப் படியில்தான் நடந்தது. மின்சாரம் விட்டுவிட்டு வந்ததால் கெட்டுப்போன சில இடங்களில் படம் கட்டங்கட்டமாகச் சிதறுகிறது. ஆனால் ஒளிபரப்பின் தரவு 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக அமைந்திருப்பதால் ஒரு பொட்டலம் போனாலும் அடுத்ததிலிருந்து பிடித்துக்கொள்கிறது என்று அவன் விளக்கினான். பேட்டியில் அப்பாவின் சொற்கள் ஓரிரண்டுதான் அறுபட்டிருக்கின்றன. அம்மாவுக்கு அவை எவையென்று தெரியும். அந்த இடத்தில் அவரே சொல்லி நிரப்பிவிடுகிறார்.

சிறிய வன்தட்டு அடிக்கடி காணாமல் போனதற்குக் காரணம், பெட்டியின் யுஎஸ்பி துளை தரும் 500 மில்லி ஆம்பியர் அதற்குப் போதாமையே. தனி மின்னிணைப்புள்ள ஹப் (பல யுஎஸ்பி துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டி) ஒன்றை எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தினர் கொடுத்ததும் அது சீராகிவிட்டது. அவர்களுக்கும், காலி வட்டைக் கடன் தந்த அலுவலகத் தோழிக்கும், தேக்காவிலிருந்து கேபிள்களோடு வந்த மாமாவுக்கும், இரவு பகல் பாராமல் அம்மாவோடு இருந்த புளோக் பெண்மணிகளுக்கும், தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்ன அப்பாவின் நாடக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் சொல்லாமல் சேர்த்து எழுதுவதை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

ஒரு பொருளைப் பழுதென்று தள்ளிவிட எத்தனையோ பேர் இருக்க, அதைக் காதில் வைத்துக் கேட்ட ஒருவர் நமக்குக் கிடைத்ததை நினைத்து நேற்றிரவெல்லாம் எனக்கு உறக்கம் வரவில்லை. நானும் சிலவற்றை முடிவு செய்திருக்கிறேன். பதிவுகளின் ஒரு படி எங்கள் வீட்டிலும் மற்றொன்று அண்ணன் வீட்டிலும் இனி எப்போதும் இருக்கும். அடாப்டரை இவ்வாரமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதே போன்ற ஒன்றை அவரிடமே வாங்கி வரப்போகிறேன். உறவிலோ நட்பிலோ யாருடைய பெட்டியாவது இதே கேள்வியைக் கேட்டால், எந்தப் பொத்தானையும் அழுத்துவதற்கு முன் என்னை அழையுங்கள். அடாப்டரோடும் பல்போடும் நானே வருகிறேன்.

மீண்ட பதிவுகளில் பொங்கல் ஒளியூட்டு நிகழ்ச்சிகளும், பட்டிமன்றங்களும், இப்போது நம்மிடையே இல்லாத பலரின் பாடல்களும் பேச்சுகளும் இருக்கின்றன. அவற்றில் உங்கள் வீட்டார் இருக்கக்கூடும். பார்க்க விரும்புவோர் எந்த மாலையிலும் வீட்டுக்கு வரலாம். அம்மா உங்களை எதிர்பார்ப்பார்.

நன்றியுடன்,
அப்பாவின் மூத்த மகள்