விளக்கு தெரியாமல் வெளிச்சம்

டொராண்டோ

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். போன வாரம் போனில் நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழவில்லை என்று அம்மா சொன்னாள். "50 மாடிக் கட்டடத்துக்கு சீரியல் பல்பு மாட்டவா கனடா வரைக்கும் போனான்?" என்று நீங்கள் கேட்டதையும் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். காலமெல்லாம் வயர்மேனாக இருந்தவருக்கு எழுதுகிறேன், கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

கட்டிக்கொண்டிருக்கிற கண்ணாடிக் கட்டடம் ஒன்று ராத்திரியில் வெளியிலிருந்து ஒளிரும்படி விளக்கு போடுவதுதான் என் வேலை. அதில் முதல் சிக்கல், கண்ணாடியில் வெளிச்சம் நிற்காது. தரையில் ஃபிளட் லைட்டை வைத்து மேலே திருப்பினால் கல் சுவர் பளிச்சென்று தெரியும். நியூயார்க்கில் 1931ல் கட்டி முடித்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல் 30 மாடிகளுக்கு 1964ல் ஃபிளட் லைட்தான் போட்டார்கள். அது சுண்ணாம்புக்கல் போர்த்திய கட்டடம். எங்களுடையது முழுக்கக் கண்ணாடி. அடிக்கிற வெளிச்சத்தில் கொஞ்சம் உள்ளே போய்விடும், கொஞ்சம் வானத்துக்குத் தெறித்துவிடும், சுவர் மட்டும் இருட்டாகவே நிற்கும். அதனால் வெளிச்சம் வந்து விழுவதற்கென்றே கண்ணாடிக்கு வெளியே நெடுக்காக அலுமினியத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். அதன் இடுக்கில் விரல் தடிமனுக்கு ஒரு எல்.இ.டி. பட்டை. வெளிச்சம் தகட்டை உரசிக்கொண்டே மேலே ஏறும். தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தகடு ஒளிர வேண்டும், பட்டை தெரியக் கூடாது. லைட்டிங் டிசைனர் ஒரு அம்மா, இதை நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். பட்டையின் நுனி கண்ணில் பட்டுவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

கட்டுகிற முறையும் வேறு. லிஃப்ட் குழிகளைச் சுற்றியுள்ள கான்கிரீட் தண்டு முதலில் எழும்புகிறது. அதன் சென்ட்ரிங்கைப் பிரித்துக் கட்டுவதில்லை, ஹைட்ராலிக் ஜாக்கிகள் அதை அப்படியே அடுத்த மாடிக்குத் தூக்கிவிடும். தளங்கள் அதற்குப் பின்னால். அதற்கும் பல மாடி கீழே கண்ணாடி. சட்டம், கண்ணாடி, ரப்பர் எல்லாம் தொழிற்சாலையிலேயே பூட்டி, ஒரு மாடி உயரப் பலகமாக வந்து இறங்கும். ஸ்லாப் விளிம்பில் பதித்த கொக்கியில் மாட்ட வேண்டியதுதான், வெளியில் சாரம் கிடையாது. எங்கள் பட்டையும் வயரும் அந்தப் பலகத்தோடேயே வருவதால், வயர் போகும் துளை எங்கே என்பதைப் பலகம் செய்வதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். கண்ணாடி ஏறிய பிறகு ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு போனால் மழைத்தண்ணீர் ஆபீசுக்குள் வரும், என் வேலை வெளியே போகும்.

ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். பெட்டி பெட்டியாக வந்த பட்டைகள் எல்லாவற்றிலும் 3000 கெல்வின் என்றுதான் அச்சடித்திருந்தது, வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் அது. எரியவிட்டுப் பார்த்தால் ஒன்று லேசாக ரோஸ், பக்கத்தில் இருப்பது லேசாகப் பச்சை. தனியாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளைதான், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் கண்டுபிடித்துவிடும். ஒரே நிறத் தொகுதியாகப் பிரித்துத் தர வேண்டியவர்கள் கலந்து அனுப்பிவிட்டார்கள். ஒரு லாட் முழுவதையும் திருப்பி அனுப்பினோம். யார் தவறு என்று மூன்று தரப்பும் ஈமெயிலில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் கேபிள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் ட்யூப் லைட்டுக்குச் சோக் மாதிரி இதற்கு டிரைவர் என்று ஒரு பெட்டி உண்டு. வெப்பத்தில் சீக்கிரம் கெட்டுப்போவது அதுதான், அதனால் வெளியில் வைக்காமல் கை எட்டும்படி உள்ளே வைக்கிறோம். பட்டைக்குப் போவது 24 வோல்ட். ரொம்ப தூரம் இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கடைசிப் பட்டை மங்கிவிடும். அதனால் சில மாடிகளுக்கு ஒரு பெட்டி.

குளிரைப் பற்றி அம்மா கேட்டாள். மைனஸ் 15ல் சாதாரண பி.வி.சி. வயர் விறைத்துவிடும், வளைத்தால் மேல்தோல் வெடிக்கும். முந்தைய ராத்திரியே கேபிள் சுருளைச் சூடான அறையில் வைத்துவிடுவோம். தடித்த கையுறையோடு சின்ன கனெக்டரைச் சொருகுவதுதான் பெரும்பாடு. கையில் எடுக்கும் ஒவ்வொரு ஸ்பானரையும் இடுப்போடு கயிற்றில் கட்டியிருக்க வேண்டும், மேலிருந்து விழுந்தால் கீழே இருப்பவர் தலை போய்விடும்.

இன்னொன்று, இதை நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ராத்திரி விளக்கை அணைத்துவிடப் போகிறார்கள். பறவைகளுக்காக! ஒன்டாரியோ ஏரியைத் தாண்டி வலசை போகும் சின்னப் பறவைகளில் பல ராத்திரியில்தான் பறக்கும். மேகம் தாழ்ந்த நாளில் வெளிச்சத்தைக் கண்டு திரும்பி, கட்டடத்தையே சுற்றிச் சுற்றிக் களைத்து, கண்ணாடியில் மோதி விழும். 1993லிருந்து ஃபிளாப் என்ற அமைப்பின் தொண்டர்கள் விடியற்காலையில் தெருக்களில் அவற்றைப் பொறுக்கி எடுக்கிறார்கள். பறவை மோதாமல் கட்டுவதற்கான வழிகாட்டியை நகராட்சி 2007லேயே வெளியிட்டுவிட்டது. 553 மீட்டர் உயர சி.என். டவரே அந்தக் காலங்களில் விளக்கைக் குறைத்துக்கொள்கிறது. எங்கள் கீழ்மாடிக் கண்ணாடிகளில் சின்னச் சின்னப் புள்ளிகள் போட்டிருப்பதும் அதற்குத்தான். விமானத்துக்கான சிவப்பு விளக்கு மட்டும் எப்போதும் எரியும்.

சோதனை ஓட்டம் போன செவ்வாய்க்கிழமை நடந்தது. இப்போது ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. எதிர்த் தெருவில் நின்று பார்த்தோம். கீழிருந்து மேலே தகடு தகடாக ஏறிக்கொண்டே போனது. வலது மூலையில் மட்டும் 31ம் மாடியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் மூன்று மாடிக்கு இருட்டு. வயர் ஒவ்வொரு பட்டையாக நுழைந்து அடுத்ததற்குப் போகிறது, நடுவில் அறுந்தால் அதற்கு அப்புறம் எதுவும் எரியாது. உங்கள் சீரியல் பல்புக் கேலி அன்றைக்குப் பலித்துவிட்டது.

டிசைனர் அம்மா விளக்குகளை இயக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமைச் சந்தேகப்பட்டார், சூப்பர்வைசர் டிரைவரைச் சந்தேகப்பட்டார். நான் "முதலில் கனெக்ஷனைப் பார்க்கிறேன்" என்று மேலே போனேன். 31ம் மாடியில் ஒரு கனெக்டரின் பின் முழுதாக உட்காரவில்லை. கடும் குளிர் நாளில் நானே சொருகியது. அதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

அடுத்த தடவை போனைக் காதுக்கு நேராக வைத்துப் பேசுங்கள். அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்