ஆறு ரூபாயா, ஆறு லட்சமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பகுதிக் கல்லூரி நூலகம் ஒன்றில் நான் வெளி உறுப்பினர். எடுத்த மூன்று புத்தகங்களைத் திருப்பித் தர ஆறு நாள் தாமதமாகிவிட்டது. போன மாதம் நினைவூட்டல் மின்னஞ்சல் வந்தது. கைப்பேசியை வாங்கிப் பார்த்த என் மனைவி திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். 'அபராதம் ரூ.6 14382' என்று இருந்தது. கண்ணாடி போடாத கண்ணுக்கு அது ஆறு லட்சத்துச் சொச்சம்!

ஆறு ரூபாய்தான் மஞ்சள் சாகுபடிப் புத்தகத்துக்கு அபராதம். 14382 என்பது அடுத்து வரும் கறவை மாட்டுப் புத்தகத்தின் பதிவெண். தலைப்பு, தேதி, தொகை எல்லாம் வரி பிரியாமல் ஒரே பத்தியாக ஒட்டிக் கிடந்தன.

கோவையில் கணினி படிக்கும் பேத்தி, "இது சின்ன விசயமுங்க அப்புச்சி" என்றாள். அந்த நூலகத்தில் இருப்பது புத்தகக் கணக்கு, அறிவிப்பு எல்லாவற்றையும் கவனிக்கும் கோஹா மென்பொருள். அதில் இந்த அறிவிப்புக்கு ஒரு மாதிரிப் படிவம் உண்டு. அதை எச்.டி.எம்.எல். (படமும் காட்டக்கூடிய இணையப் பக்க வடிவம்) ஆக அனுப்பும்படி டிக் போட்டுவிட்டால், படிவத்தில் எத்தனை முறை என்டர் தட்டியிருந்தாலும் திரையில் வெறும் ஓர் இடைவெளிதான் தெரியும். வரி முடிகிற இடத்திலெல்லாம் பி.ஆர். என்ற குறியைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் டிக்கை எடுத்துவிட வேண்டும். மேலே கல்லூரி முத்திரை வர ஆசைப்பட்டு யாரோ டிக் போட்டிருப்பார்கள் என்பது அவள் ஊகம். கோஹாவைக் குறை சொல்ல முடியாது. 1999-இல் நியூசிலாந்து நூலகம் ஒன்றுக்காக எழுதத் தொடங்கி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது அது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்கே கொடை என்றுதான் பொருளாம்.

நானும் வேறொரு கல்லூரியில் நூலக உதவியாளராக இருந்தவன். அப்போது நினைவூட்டல் அனுப்பிய 15 பைசா அஞ்சலட்டையின் அந்தத் துளி இடத்திலேயே வரிக்கு ஒரு புத்தகமாக எழுதி, தொகைக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போடுவோம்.

மூன்றுக்கும் சேர்த்துப் பதினெட்டு ரூபாய் கட்டும்போது விவரத்தைச் சொன்னேன். "சிஸ்டம் தம்பி வந்தாப் பார்க்கச் சொல்றேனுங்க" என்றார்கள். தம்பி இன்னும் வரவில்லை போலிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நேற்று வந்ததும் அதே கோலம்தான்.

நூலகர்கள் இப்படியொரு அறிவிப்பைத் தங்கள் கைப்பேசிக்கே முதலில் அனுப்பிப் பார்க்கலாம். ஒரே புத்தகத்தை வைத்து அல்ல, இரண்டு மூன்றை வைத்து. ஒன்று மட்டும் என்றால் தொகையோடு அடுத்த பதிவெண் ஒட்டுகிற இந்தக் கோளாறு கண்ணில் படாது.

ஓய்வுபெற்ற நூலக உதவியாளர்,
கோபிசெட்டிபாளையம்