மகளுக்கு: போர்க்லிப்ட் விபத்தும் முதல் தாளும்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

பேலியகொடை ஸ்டோர்ஸில் ஆளணிப் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் எங்களுக்குச் சந்தோஷம். போனில் கதைத்தால் காற்றோடு போய்விடும், தேவைப்படுகிற நாளில் நீ எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். லீவுக் கணக்கும் சம்பளச் சீட்டும் ஒரு மாதத்தில் பழகிவிடும். சரக்குத் தூக்குகிற போர்க்லிப்ட் வண்டி ஓடுகிற இடத்தில் ஒருவர் அடிபட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்திரு. நட்டஈட்டைத் தீர்மானிக்கிற ஆணையாளரும் வழக்கறிஞரும் பல மாதம் கழித்துத்தான் வருவார்கள். அவர்கள் கையில் எடுத்துப் பார்ப்பது, முதல் நாளில் நீயும் ஆஸ்பத்திரி டொக்டரும் எழுதிய தாள்களை.

முதலில் மெசினைத் தெரிந்துகொள். 2.5 தொன் தூக்கும் போர்க்லிப்ட்டின் சொந்தப் பாரம் மட்டும் 3.5 முதல் 4 தொன் வரை வரும். முன்னால் தூக்குகிற சுமைக்கு ஈடாகப் பின்பக்கத்தில் இரும்பை நிறைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். காரில் முன்சில்லு திரும்பும். இதில் பின்சில்லு திரும்பும். அதனால் ஓட்டுநர் இடது பக்கம் வளைக்கும்போது மெசினின் பின்பக்கம் வலது பக்கமாக வீசி வரும். பக்கத்தில் நின்று பலட் (சரக்கு அடுக்குகிற தட்டு) எண்ணிக்கொண்டிருக்கிற பொடியனின் கால் பின்சில்லுக்குள் அகப்படுவது இப்படித்தான். அறிக்கையில் "கவனமில்லாமல் நின்றார்" என்று சுப்பர்வைசர் எழுதச் சொல்வார். எழுதாதே. அவர் எங்கே நின்றார், ஆட்கள் நடக்க மஞ்சள் கோடு போட்ட வழி இருந்ததா, மெசின் எந்தப் பக்கம் திரும்பியது, ஹோர்ன் அடித்ததா, இவற்றை எழுது.

மெசின் சரிகிற விபத்துக்கும் இதே கதைதான். சுமையை உயரத் தூக்கியபடி வளைத்தால், அல்லது சாய்தளத்தில் குறுக்காகத் திருப்பினால், பக்கவாட்டில் சரியும். ஓட்டுநர் பயத்தில் வெளியே குதித்தால் தலைக்கு மேலே இருக்கிற இரும்புக்கூடு அவர் மேலேயே விழும். பெல்ட் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, சரிகிற பக்கத்துக்கு எதிராகச் சாய்ந்து உள்ளே இருப்பதுதான் தப்பும் வழி. இதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களா, சீற்றில் பெல்ட் இருந்ததா, இருந்த பெல்ட் வேலை செய்ததா என்பதும் அறிக்கைக்குரிய விஷயம். எவ்வளவு பாரம் தூக்கலாம் என்ற தகடு ஒவ்வொரு மெசினிலும் இருக்கும். அதில் உள்ள அளவு, பாரத்தின் நடுப்பகுதி, முன்னால் நீட்டியிருக்கிற போர்க் மெசினோடு சேரும் இடத்திலிருந்து இத்தனை தூரத்தில் இருந்தால் என்று கணக்கிட்டது. நம்முடைய ஸ்டோர்ஸ்களில் ஓடுகிற அளவு மெசின்களில் அது பெரும்பாலும் 500 மில்லிமீற்றர். நீளமான பெட்டியை ஏற்றினால் பாரம் முன்னே தள்ளிப்போகும், தகட்டில் உள்ள அளவைத் தூக்க முடியாது. அந்தத் தகட்டைப் படம் எடுத்து வை.

இனி ஆஸ்பத்திரி. எல்லாவற்றிலும் பெரிய பிழை நடக்கிற இடம் இது. ஆள் அடிபட்டதும் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஸ்டோர்ஸுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் தனியார் கிளினிக்குக்கு வானில் ஏற்றிக்கொண்டு போக யாராவது அவசரப்பட்டால் தடு. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. கால் நசுங்கிய ஆள் "பெரிசா ஒண்டும் இல்லை மிஸ்" என்று சொல்வார், எலும்பும் முறியாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே வீங்கி, சில மணி நேரத்துக்குப் பிறகு இரத்த ஓட்டம் தடைப்பட்டு, அந்தக் காலையே இழக்க நேரலாம். வலி கூடிக்கொண்டே போவதும் விரல் மரத்துப்போவதும் அதன் அடையாளம். பனடோல் கொடுத்து போர்டிங்குக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கூடப் போகிறவர் யார் என்பதை நீயே தீர்மானி. "எப்படி நடந்தது?" என்று டொக்டர் கேட்கும்போது, பிரச்சினை வேண்டாம் என்று "மோட்டார் சைக்கிளில் விழுந்திட்டார்" என்றோ "படியில் வழுக்கினார்" என்றோ சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது கட்டில் சீட்டில், அதாவது வார்டில் நோயாளியின் விபரம் எழுதுகிற தாளில், ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும் பாடு. பல மாதத்துக்குப் பிறகு விசாரணையில் எதிர்த்தரப்பு அந்த ஒற்றை வரியைத்தான் தூக்கிப் பிடிக்கும். "இன்ன நேரத்தில், வேலை இடத்தில், போர்க்லிப்ட் மோதி" என்று தெளிவாகச் சொல்லி எழுதுவிக்கவேண்டும். ஆஸ்பத்திரிப் பொலிஸ் பிரிவில் முறைப்பாடு பதிந்து, சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் போட்டார்களா என்று கேள். முறைப்பாட்டின் இலக்கம், திகதி, வார்ட் இலக்கம், கட்டில் சீட்டு இலக்கம் நான்கையும் அன்றைக்கே குறித்துக்கொள். வீட்டுக்கு விடும்போது கொடுக்கிற டயக்னோசிஸ் கார்டின் மூலப்பிரதி அடிபட்டவரிடம் இருக்கட்டும். கொம்பனிக் கோப்புக்குப் போட்டோப் பிரதி போதும். மூலப்பிரதியை வாங்கிக் கோப்பில் வைத்துத் தொலைத்துவிடுகிற அலுவலகங்கள் இருக்கின்றன.

வாக்குமூலத்தைப் பற்றியும் ஒன்று. உங்களிடம் வேலை செய்கிறவர்களில் மலைநாட்டுப் பிள்ளைகளும் கிழக்குப் பிள்ளைகளும் நிறையப் பேர் இருப்பார்கள், சிங்களம் கதைப்பார்கள், வாசிக்கத் தெரியாது. பொலிஸில் சிங்களத்தில் எழுதியதை விளங்காமல் கையெழுத்து வைத்துவிட்டால் பிறகு அது அவர்கள் சொன்னதாகிவிடும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் பதியச் சொல்லிக் கேட்கலாம். குறைந்தது வாசித்து விளங்கப்படுத்திய பிறகு ஒப்பமிடச் சொல். உன்னால் கூடப் போக முடிந்தால் போ.

அந்த நேரத்தில் ஸ்டோர்ஸில் இன்னொருவர் நின்று செய்யவேண்டியது: மெசினை நகர்த்தாமல் படம் எடுப்பது, அதன் தொடர் இலக்கத்தைக் குறிப்பது, அன்றைய காலைப் பரிசோதனைத் தாளையும் கடைசிச் சேர்விஸ் பதிவையும் எடுத்து வைப்பது, கண்டவர்களின் பெயரும் முகவரியும் வாங்குவது. மேன்பவர் ஆட்கள், அதாவது ஏஜென்சி மூலம் வேலைக்கு வருகிறவர்கள், அடுத்த மாதம் எங்கே இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே ஊர் முகவரியையும் கேள். கமெராப் பதிவை அன்றைக்கே வேறு இடத்தில் பிரதி எடு. கொஞ்ச நாளில் அதன் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும்.

சட்டத்துக்கு வருகிறேன். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. வேலையின் காரணமாக, வேலையின்போது நடந்த விபத்தில் காயம் என்றால் முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும். முதலாளியின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை, தொழிலாளியின் சாதாரணக் கவனக்குறைவும் அதைக் கெடுக்காது. இதை உன் மேலதிகாரிகளே பலர் அறியமாட்டார்கள். வெறும் சிராய்ப்புக்கு இது வராது, சில நாட்களாவது வேலை செய்ய முடியாமல் போகவேண்டும். நியமனக் கடிதம் இல்லை, வாய்ப்பேச்சில் சேர்ந்தவர் என்பது தடை அல்ல. 2022இல் வந்த திருத்தம் உச்சத் தொகையை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் சேர்த்தது. காலை ஷிப்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸிலிருந்து விழுந்தவரையும் இனி நீ வெறுங்கையோடு அனுப்ப முடியாது.

கொம்பனி தப்பிக்கப் பார்க்கிற வாசல்கள் சில சட்டத்திலேயே உண்டு: குடிபோதை, பாதுகாப்புக்காகத் தெளிவாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றுதல். "வேண்டுமென்றே" என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள். மேல் தட்டில் உள்ள பெட்டியை எடுக்கப் போர்க்கின் மேல் ஆளை ஏற்றித் தூக்குகிற கெட்ட பழக்கம் பல ஸ்டோர்ஸில் இருக்கிறது. விழுந்து முள்ளந்தண்டு முறிந்தால், "ஏறக்கூடாது என்று போர்ட் போட்டிருக்கிறோமே" என்பார்கள். அந்த போர்ட் அவருக்கு விளங்கும் மொழியில் இருந்ததா, அன்றைக்கு ஏறச் சொன்னவர் யார், அதே சுப்பர்வைசர் நேற்றும் முந்தாநாளும் ஏற்றினாரா என்பதை எழுதி வைத்தால் அந்தக் கதை நிற்காது. போர்ட்டை மூன்று மொழியிலும் மாட்டச் சொல்லி நீ இப்போதே கேட்கலாம்.

அடிபட்டவர் மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போனால், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். மரணம் என்றால் உடனே. இந்த அறிவித்தலை மறைத்தால் கொம்பனிக்குத்தான் சிக்கல் என்பதை மனேஜருக்கு அமைதியாகச் சொல். காப்புறுதிக் கொம்பனிக்கும் அதே நாளில் அறிவி. பிந்தினால் அவர்கள் கைவிரிப்பார்கள், பிறகு உங்கள் கொம்பனி தன் பையிலிருந்து கொடுக்க மனமில்லாமல் இழுத்தடிக்கும். காப்புறுதி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதலாளியின் கடமை மாறாது.

மேன்பவர் ஆட்கள் விஷயத்தில் இரண்டு பக்கமும் கையைக் காட்டும். "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று நீங்கள் சொல்வீர்கள், "அவர்கள் இடத்தில்தானே நடந்தது" என்று ஏஜென்சி சொல்லும். உங்கள் தொழிலின் வழமையான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தால், அந்த ஆளுக்கு உங்கள் கொம்பனியும் பொறுப்பாகும். கொடுத்ததைப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் அறவிட்டுக்கொள்ளலாம். கேட்டில் வைத்த வரவுப் பதிவில் அவருடைய பெயர் அன்றைக்கு இருக்கிறதா என்று பார். ஏஜென்சி ஆட்களை "ஹெல்பர் 6" என்று எண்ணிக்கையாக மட்டும் பதிகிற வழக்கம் இருந்தால் நாளையே நிறுத்து.

தொகை சம்பளத்தையும் இயலாமையின் வீதத்தையும் பார்த்துத் தீர்மானமாகும். எந்த உறுப்பு போனால் எத்தனை வீதம் என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அதில் இல்லாத காயத்துக்கு மருத்துவ மதிப்பீடு வேண்டும். காயம் ஆறி முடிவதற்கு முன் மதிப்பீட்டுக்கு ஓடாதே, குறைவாகத்தான் வரும். சம்பளச் சான்றிதழில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதுவது அடிக்கடி நடக்கிற அநியாயம். பணமாக மதிக்கக்கூடிய சலுகைகளும் சம்பளத்தில் சேரும். பயணப்படியும் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டுகிற பங்கும் சேராது. முந்திய மாதங்களின் சம்பளச் சீட்டுகளைப் பிரதி எடுத்து அவருக்கே கொடு. தற்காலிகமாக இயலாமல் இருக்கும் காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு உண்டு, அதை யாரும் கேட்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளில் ஒப்பம் வாங்கும் முயற்சிக்கு நீ துணை போகாதே. சட்டம் கொடுத்த உரிமையை அப்படி எழுதிக் கொடுத்துக் கைவிட முடியாது. இணங்கித் தீர்ப்பதென்றால் உடன்படிக்கையை ஆணையாளரிடம் பதியவேண்டும். மரணம் என்றால் பணத்தை ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஆணையாளரின் பொறுப்பு. மனைவி கையில் நேரே கொடுத்துவிட்டு "கொடுத்தோம்" என்று சொன்னால் அது கணக்கில் நிற்காது.

தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் நாரஹேன்பிட்டவில், தொழில் திணைக்களத்தில் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் காலக்கெடு உண்டு, "கால் சுகமாகட்டும் பார்ப்போம்" என்று காத்திருக்கக்கூடாது. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். வழக்கறிஞருக்கு வசதியில்லாதவரைப் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பு. சிவில் நீதிமன்றத்தில் நட்டம் கேட்டு வழக்குப் போடுவதா, ஆணையாளரிடம் போவதா என்பதை அங்கே கேட்டுத் தீர்மானித்த பிறகு காலடி எடுத்து வைக்கட்டும்; ஒரே காயத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. முழுதாக, நிரந்தரமாக இயலாமல் போனவர் ஊழியர் சேமலாப நிதியை வயது வரும் முன்னரே எடுக்கலாம், ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் அவருக்கு ஒரு நலன் உண்டு. இவை நட்டஈட்டுக்கு மேலதிகமானவை.

சுகமாகித் திரும்பி வருகிறவரை "லேசான வேலை இல்லை" என்று நிறுத்தப் பார்ப்பார்கள். 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்த 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் விடாது. அடையாளம் பார்த்து பார்கோட் அடிக்கிற வேலை, கேட் பதிவு, பில் சரிபார்ப்பு என்று உங்கள் ஸ்டோர்ஸிலேயே உட்கார்ந்து செய்யும் வேலைகள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை விபத்து நடக்கும் முன்னரே செய்து மனேஜரிடம் கொடு.

விபத்து அறிக்கைப் படிவம் ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பு. எந்தக் கேள்வி விடுபட்டிருக்கிறது என்று பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். அப்பா சுகமாக இருக்கிறார், உன்னை வெள்ளவத்தையில் ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா