டெண்டர் ஆவணம் எழுதும் பொறியாளர்களுக்கு

வேலூர் மாவட்டத்தில் சாலைக்கும் சாக்கடைக்கும் டெண்டர் தயாரிக்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

ஒப்பந்ததாரர்களிடம் கணக்கெழுதியே தலை நரைத்தவன் நான். மண்வெட்டி தரையில் படும் முன்பே, ஒப்பந்தத்தைப் படித்து அந்த வேலை உருப்படுமா என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்தவர் ஒருவர், சாலை போட்டவர் இன்னொருவர். பள்ளத்தை மூடும்போது தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். குழாய்க்காரரோ மண்ணை வாரித் தள்ளிவிட்டுப் போனார். அவருக்குக் குழாயின் நீளத்துக்குத்தான் பில். மண் இறுகினால் கூடுதலாக ஒரு காசு வராது. அதன்மேல் மற்றவர் ஜல்லி கொட்டித் தார் ஊற்றினார். முதல் மழையிலேயே என் வாசலுக்கு நேரே ஒரு சாண் ஆழத்துக்குச் சாலை உள்வாங்கியது. "மேலே போட்டது நான் இல்லை" என்றார் ஒருவர், "கீழே மூடியது நான் இல்லை" என்றார் மற்றவர். ஒப்பந்தப்படி இரண்டுமே உண்மை!

2022இல் வேலூரில், நின்றிருந்த மோட்டார் சைக்கிளின் சக்கரங்களையும் சேர்த்துச் சிமென்ட் சாலை போட்டதைப் பார்த்து நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பில் போட வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பரப்புக்கு இடம் உண்டு, வண்டிக்காரரைக் கூப்பிடுவதற்கு இல்லை.

வடிவமைப்பு, கட்டுமானம் இரண்டையும் மொத்தத் தொகைக்கு ஒருவரிடமே ஒப்படைக்கும் இ.பி.சி. முறையில் இந்தத் தட்டிக்கழிப்பு குறையும். ஆனால் எங்கே மெலிதாக்கலாம் என்ற யோசனையும் அவருக்கு வரும். 2016இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு வந்த ஹைப்ரிட் ஆன்யூட்டி முறை இதற்குக் கடிவாளம் போடுகிறது: செலவில் 40 சதவீதத்தைக் கட்டும்போதே அரசு தருகிறது, மீதி 15 ஆண்டுகளில் அரையாண்டுத் தவணைகளாக வருகிறது. பராமரிப்பும் கட்டியவர் தலையில்தான்.

கட்டுவது தனியார், நஷ்டத்தைச் சுமப்பது அரசு என்றிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில், முதலீட்டுக்கு அரசு வட்டி உத்தரவாதம் தந்த முறையில் வந்தது. செலவு எவ்வளவு ஏறினாலும் பங்குதாரருக்கு வட்டி வந்துவிடும். சிக்கனம் பார்க்க யாருக்குத் தோன்றும்? நாடு முழுவதும் இப்படிப் பணம் கரைந்ததால்தான் 1869க்குப் பிறகு அரசே நேரடியாகப் பாதை போட இறங்கியது.

தெருச் சாலைக்கு 15 ஆண்டு ஏற்பாடெல்லாம் வேண்டாம். குழாய், பள்ளம், சாலை மூன்றையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். பில்லில் ஐந்தில் ஒரு பங்கை இரண்டு ஐப்பசி மழை கழியும்வரை பிடித்து வையுங்கள். பொறுப்பு முடியும் தேதியைத் தெருமுனைப் பலகையில் தமிழில் எழுதுங்கள். இப்போதைக்கு எங்கள் தெருப் பள்ளத்தில் யாரோ ஒரு வேப்பங்கிளையை நட்டு வைத்திருக்கிறார்கள், இரவில் வண்டிகள் விலகிப் போவதற்காக.

இப்படிக்கு,
சத்துவாச்சாரிவாசி ஒருவன்