மூன்று மாதப் பயிற்சி வேண்டாம்: சிறைத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் துறையின் பெயரிலேயே இருக்கும் 'சீர்திருத்தம்' என்ற சொல்லை நம்பித்தான் எழுதுகிறேன். கைதிகளே குழுவாகப் பேசி ஒருவரையொருவர் திருத்தும் 'சிகிச்சைச் சமூகம்' என்ற முறையை நம் சிறை ஒன்றிலும் முயன்று பாருங்கள் என்று கேட்கத்தான்.

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் கிரெண்டன் என்றொரு சிறை 1962-ல் திறக்கப்பட்டது. பெரிய வழக்குகளில் நீண்ட தண்டனை பெற்றவர்கள், தாங்களாகக் கேட்டுத்தான் அங்கே போகிறார்கள். பிளாக்குக்குச் சுமார் நாற்பது பேர். சிறு குழுவாக உட்கார்ந்து, செய்த குற்றத்தைப் பற்றி வாய் திறந்து பேசவேண்டும். மழுப்பினால் பக்கத்தில் இருப்பவரே பிடித்துவிடுவார். அவரும் அதே கதையைச் சொல்லிப் பார்த்தவர்தானே! அடிதடியோ போதைப்பொருளோ கூடாது. மீறியவர் தொடர்ந்து இருக்கலாமா என்று சக கைதிகள் ஓட்டுப் போடுகிறார்கள். வார்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். (நம் ஊரில் இதைக் கேட்டாலே பலருக்கு வியர்க்கும்.) இதைத்தான் சிகிச்சைச் சமூகம் என்கிறார்கள்.

சரி, பலன்? குறைந்தது 18 மாதம் தங்கியவர்கள் மறுபடி தண்டனை பெறுவது சுமார் 20 முதல் 25 சதவீதம் குறைந்ததாக, 1997-ல் வந்த பிரிட்டிஷ் உள்துறை ஆய்வு சொன்னது.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டோனவன் சிறையில் இதே முறையை நடத்தியபோது வந்த எண்கள் இன்னும் கவர்ச்சியானவை. உள்ளே சிகிச்சை, விடுதலைக்குப் பின் வெளியேயும் சிகிச்சை என இரண்டையும் முடித்தவர்களில் மூன்று ஆண்டுக்குள் சிறை திரும்பியவர்கள் 27 சதவீதம். எதுவும் பெறாதவர்களில் 75. இதில் மயங்கிவிடாதீர்கள். கடைசிவரை நின்று முடிப்பவர் ஏற்கெனவே திருந்த நினைத்தவராகவும் இருக்கலாம். பாதியில் விட்டவர்களையும் சேர்த்து ஐந்தாம் ஆண்டில் கணக்கெடுத்தபோது, சிறை திரும்பியவர்கள் சிகிச்சைக்குச் சேர்ந்தவர்களில் 76 சதவீதம், சேராதவர்களில் 83 சதவீதம் என்று வித்தியாசம் சுருங்கிவிட்டது.

அதனால் என் கோரிக்கை சின்னதுதான். ஒரே ஒரு மத்திய சிறையில் ஒரே ஒரு பிளாக். இன்னும் இரண்டு வருடமாவது தண்டனை பாக்கியிருந்து, தானாக வருகிறவர்கள் மட்டும். நம் சிறைகளில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். இன்றோ நாளையோ ஜாமீனில் போகிறவரை வைத்து இதை நடத்த முடியாது. மூன்று மாதம் வகுப்பெடுத்து, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து முடிப்பதாக இருந்தால் தயவுசெய்து ஆரம்பிக்கவே வேண்டாம்.

வெளியே வந்தபிறகு ஒரு வருடமாவது அவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் வேலையை நன்னடத்தை அலுவலர்களிடம் கொடுங்கள். அப்புறம், அந்த பிளாக்கில் பழகிய வார்டர்களை நடுவில் இடமாற்றம் செய்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்